பந்தும் பாடமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் நின்று பேசும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயம் எனக்கே இருக்கிறது. நான் புலவன் அல்லன். கல்லூரி வாயிலை மிதித்தவனும் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளைப் படித்ததே என் படிப்பு. செயலாளர் அவர்கள் என்னை அழைத்து, "மாணவர் வாழ்க்கை என்ற பொருள் பற்றி நீர் பேச வேண்டும்" என்றபோது, "ஐயா, நான் மாணவனாக இருந்து நெடுங்காலம் ஆயிற்றே!" என்றேன். "ஒரு மாணவனுக்குத் தகப்பனாராக இருக்கிறீரே, அது போதாதா?" என்று கேட்டார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மாணவ சமுதாயம் முழுவதையும் பற்றிப் பேச நான் முற்படவில்லை. என் கண்ணெதிரே வளரும் ஒரே ஒரு மாணவனைப் பற்றியே பேசப் போகிறேன். அவன் என் மகன். அவனுடைய இசைவைப் பெற்றே பேசுகிறேன். "என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், அப்பா" என்பது அவன் விதித்த நிபந்தனை. அதை நிறைவேற்றுவேன். ஆயினும் இவ்வரங்கில் இருக்கும் பல பெற்றோர்கள் அவனிடத்தில் தம் பிள்ளையையே காண்பார்கள் என்று எண்ணுகிறேன்.

நான் சொல்லப்போவது அவன் பத்தாம் வகுப்பில் இருந்த காலத்துச் செய்தி. அவனுடைய ஒரு நாளை முதலில் பாருங்கள். காலை ஐந்தரை மணிக்கு எழுவான். ஆறு மணிக்குக் கணக்கு டியூஷன். எட்டரைக்குத் திரும்பிக் குளித்து, உண்டு, பத்தே முக்கால் மணிக்குப் பள்ளி. நாலரைக்குப் பள்ளி விடும். நாலே முக்காலுக்குப் புத்தகப் பை வராந்தாவில் கிடக்கும். பையன் மைதானத்தில் இருப்பான். மழைக்காலத்தில் அந்த மைதானம் பாதி குளம், பாதி சேறு. அதில் உருண்டு புரண்டு, விளக்கேற்றும் நேரத்தில் அடையாளம் தெரியாத கோலத்தில் வீடு திரும்புவான். கடுகெண்ணெய் தெளித்த பொரியை ஒரு கிண்ணம் தின்றுவிட்டு மறுபடியும் டியூஷன். இரவு பத்து மணிக்குச் சோறு. அதன் பிறகு, கண் சொருகும் வரையில், நாளிதழின் விளையாட்டுப் பக்கம்.

இந்த நாளில் தமிழ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பள்ளியில் வங்காளம். கடைத்தெருவில் வங்காளமும் இந்தியும். விண்ணப்பத் தாள்களில் ஆங்கிலம். வீட்டில் தமிழ் உண்டு, எந்தத் தமிழ்? "சாதம் போடு, மோர் எங்கே, விளக்கை அணை." நம் பிள்ளைகளுடைய தமிழ் பெரும்பாலும் சமையலறைத் தமிழாகச் சுருங்கிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. இக்குறையைப் போக்கத்தான் நம் சங்கம் ஞாயிறுதோறும் மாலையில் தமிழ் வகுப்பு நடத்துகிறது. அந்த வகுப்பிற்கு என் மகன் எட்டாம் வகுப்பு வரையில் ஒழுங்காகச் சென்றான். பிறகு இரு வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று. பிறகு மாதத்துக்கு ஒரு முறை ஆயிற்று. காரணம் யாவரும் அறிந்ததே: கால்பந்து.

அன்பர்களே! கல்கத்தாவில் கால்பந்து என்பது வெறும் விளையாட்டு அன்று. 1889-இல் தோன்றிய மோகன் பகான் சங்கம், 1911 ஜூலை 29-ஆம் நாள், ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளையர் குழுவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. நம்மவர் பதினொருவரில் ஒருவர் நீங்கலாக மற்றவர் அனைவரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். அந்நியர் ஆண்ட காலத்தில் அந்த வெற்றி இந்நாட்டு மக்களுக்கு எத்தகைய நெஞ்சுரத்தைத் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் 1920-இல் ஈஸ்ட் பெங்கால் சங்கம் தோன்றியது. நாடு பிரிந்தபோது வீடு வாசலை விட்டுக் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த மக்கள் அதைத் தம் சங்கமாகப் போற்றினர். இந்த மண்ணிலேயே வேரூன்றியவர்களுக்கு மோகன் பகான். வந்து குடியேறியவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால். முன்னது வென்றால் இறால். பின்னது வென்றால் இலிசு மீன். அன்றைக்கு மீன் கடைக்குப் போனாலே யார் வென்றார் என்பது தெரிந்துவிடும் என்பார்கள்.

வங்காளியும் அல்லாத, மீனும் உண்ணாத நம் வீட்டுப் பையனுக்கு இதில் என்ன வேலை என்று நான் கேட்டேன். 2022 டிசம்பர் மாதம் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்ற இரவில் தெருவெல்லாம் நீலமும் வெள்ளையுமாகக் கூத்தாடியபோதே அவனுக்கு இந்தப் பித்துத் தொற்றிக்கொண்டது. அது ஒரு மாதத்தில் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை. மெஸ்ஸியிலிருந்து இறங்கி, நம் ஊர் மைதானத்துக்கே வந்து நிலைத்துவிட்டது. அவன் தேர்ந்துகொண்டது ஈஸ்ட் பெங்கால். "நீ ஏன் அந்தக் கட்சி?" என்று ஒரு நாள் கேட்டேன். "நாமும் வந்து குடியேறியவர்கள்தாமே, அப்பா?" என்றான். அப்போது அந்த விடையின் ஆழம் எனக்கு விளங்கவில்லை. "வாயாடாதே, போய்ப் படி" என்றேன்.

அவனிடம் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஒவ்வோர் ஆட்டத்தின் தேதி, கணக்கு, கோல் அடித்தவர், அடித்த நிமிடம் ஆகியவற்றை முத்து முத்தான வங்காள எழுத்தில் எழுதி வைப்பான். அடுத்த தெருவில் ஒரு வங்காள முதியவர் இருக்கிறார். அவருடைய தகப்பனார் பிரிவினையின்போது ஒரு தகரப் பெட்டியுடன் இங்கே வந்தவராம். மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் பையன்கள் கூடுவார்கள். அவர் பழங்கதை சொல்வார். இவன் நோட்டில் குறித்துக்கொள்வான்.

2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை சங்கத்தில் தமிழ் வகுப்பு. அன்று இரவு புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒடிசாக் குழுவை ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. பன்னிரண்டு ஆண்டுகளாக அகில இந்தியக் கோப்பை எதுவும் வெல்லாத சங்கம் அது. ஆகவே அன்றைய கொண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. வகுப்பை விட்டுவிட்டுப் பிற்பகலிலேயே நண்பன் வீட்டுக்குப் போனவன், நள்ளிரவில் தொண்டை கட்டி, கண்ணில் நீர் ததும்ப, வீடு வந்து சேர்ந்தான்.

நான் அன்று சங்கத்தின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவன் பெயருக்கு நேரே ஆறு வாரமாக வெற்றிடம். செயற்குழுவில் இருப்பவனுடைய மகனே வகுப்புக்கு வரவில்லை என்றால் மற்றவரை எந்த முகத்தோடு அழைப்பது? கோபம் கண்ணை மறைத்தது. ஒன்றும் பேசாமல் அந்த நோட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவன் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. மறுநாள் காலையில், "டியூஷனுக்கு நேரமாகவில்லையா?" என்று கேட்டேன். வங்காளத்தில் விடை சொன்னான். "சாப்பிட்டாயா?" என்றேன். அதற்கும் வங்காளத்தில் விடை. அவன் தாயாரிடம் தமிழில் பேசுவான்; என்னிடம் மட்டும் வங்காளம். இவ்வாறு பதினைந்து நாள் கழிந்தது. தாய்மார்களே, அந்தப் பதினைந்து நாளும் என் வீட்டில் நான் அயலானாக இருந்தேன். தமிழுக்காகத்தானே அவனைக் கண்டித்தேன். அந்தக் கண்டிப்பினாலேயே தமிழ் எங்கள் இருவருக்கும் இடையிலிருந்து எழுந்து போய்விட்டதே என்று இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்தேன்.

ஓர் இரவு எழுந்து பீரோவைத் திறந்தேன். நோட்டைப் புரட்டினேன். வங்காள எழுத்து எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் நடுவில் ஒரு பக்கத்தில் தமிழ் எழுத்து இருந்தது! கோணல் மாணலாக, ஐந்து பெயர்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தண்ராஜ், அகமது கான், சாலே. மூன்றாவது பெயரில் 'ன்' வர வேண்டிய இடத்தில் 'ண்' விழுந்திருந்தது. அதன் மேலே வங்காளத்தில் 'பஞ்ச பாண்டவர்' என்று தலைப்பு.

மறுநாள் அந்த வங்காள முதியவரிடம் போய்க் கேட்டேன். அவர் முகம் மலர்ந்து சொன்னார். சுதந்திரம் வந்த புதிதில், 1949 முதல் சில ஆண்டுகள், ஈஸ்ட் பெங்காலின் முன்னணியில் ஆடிய ஐவர் அவர்கள். ஐவரும் தென்னாட்டவர். பெங்களூர், ஆந்திரம், கேரளம் என்று பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் காலத்தில் அச்சங்கம் 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. ஊரை இழந்து கூடாரங்களில் கிடந்த அகதி மக்கள், மொழி தெரியாத அந்தத் தென்னாட்டு இளைஞர்களைத் தம் வீட்டுப் பிள்ளைகளாகக் கொண்டாடி, பாண்டவர் ஐவர் என்று பெயரும் சூட்டினார்கள். "உங்கள் மகன் அந்த ஐந்து பெயரையும் தெற்கத்தி எழுத்தில்தான் எழுதவேண்டும் என்று சொன்னான். அவர்கள் எங்கள் பக்கத்து மனிதர்கள் என்றான்" என்றார் அவர்.

நான் வீடு திரும்பி, நோட்டை அவன் மேசைமேல் வைத்துவிட்டு அலுவலகம் போனேன். மாலையில் வந்தபோது, "அப்பா, காபி குடிக்கிறீர்களா?" என்று தமிழில் கேட்டான். அவ்வளவுதான். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இது கதையின் பாதி. மற்றப் பாதி இலக்கிய வகுப்பைப் பற்றியது.

சில வாரங்கள் கழித்துப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வங்காள இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியை அம்மையார் என்னை அழைத்தார். குற்றப் பத்திரிகை வாசிக்கப் போகிறார் என்று அஞ்சியபடி சென்றேன். அவரோ, "உங்கள் மகன் வகுப்பில் நன்றாகப் படிக்கிறான். குறிப்பாகக் 'கோனி'யைப் பற்றி அவன் எழுதிய விடையை நான் மற்ற மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்" என்றார்.

'கோனி' என்பது வங்காளத்தில் பத்தாம் வகுப்புக்குத் துணைப்பாடமாக உள்ள நாவல். எழுதியவர் மதி நந்தி. 1931-இல் பிறந்து 2010-இல் மறைந்தவர்; பத்திரிகையில் விளையாட்டுப் பகுதியை நடத்தியவர்; கால்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றி 'ஸ்டிரைக்கர்', 'ஸ்டாப்பர்' என்ற நாவல்களையும் எழுதியவர். வட கல்கத்தாவின் சேரியில் பிறந்த ஓர் ஏழைச் சிறுமி, ஒரு கண்டிப்பான பயிற்சியாளரின் துணையால் நீச்சல் வீராங்கனை ஆகிறாள். சங்கங்களின் சூழ்ச்சி அவளை ஒதுக்கி வைக்கிறது. முடிவில் அகில இந்தியப் போட்டியில் அவள் வெல்கிறாள். அந்தப் போட்டி எங்கே நடக்கிறது தெரியுமா? நம் சென்னை நகரில்!

பாடத்தில் சென்னை வந்த அன்று என் மகன் என்னிடம், "அப்பா, மெட்ராஸ் எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தான். சென்ட்ரலில் வண்டி இறங்கி எழும்பூரில் வண்டி ஏறியதைத் தவிர அந்நகரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? "கூட்டமாக இருக்கும்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அந்த அம்மையார் தொடர்ந்து கேட்டார்: "வீட்டில் அவன் தமிழில் என்ன படிக்கிறான்?"

"திருக்குறள்" என்றேன் பெருமையுடன்.

"நல்லது. நீங்கள் அவனோடு உட்கார்ந்து படிக்கிறீர்களா?"

நான் பேசவில்லை. நான் நாளைக்கு ஒரு குறளை எழுதச் சொல்வேன், அவன் எழுதுவான், நான் கையெழுத்திடுவேன். அலுவலகத்தில் கோப்பு நகர்வது போலவே எங்கள் வீட்டில் குறளும் நகர்ந்துகொண்டிருந்தது.

"அவனைப் போன்ற ஒரு பையன் வரும் கதை உங்கள் மொழியில் இருக்குமே? வேற்றூரில் வளரும் பையன், ஆட்டத்தில் பித்துக் கொண்ட பையன்?" என்று அம்மையார் கேட்டார்.

ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழி எம்மொழி என்று இதே மேடையில் கைதட்டல் பெற்றவன் நான். ஒரு வங்காளப் பெண்மணி தமிழில் ஒரு கதையைக் கேட்டபோது, பெயர் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அன்று மாலையே நம் சங்கத்து நூலகத்துக்குச் சென்றேன். நூலகப் பொறுப்பில் இருக்கும் பெரியவரிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் ஒரு கணமும் யோசியாமல் பீரோவின் மேல் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அசோகமித்திரன் எழுதிய 'பதினெட்டாவது அட்சக்கோடு'. 1977-இல் வெளிவந்த நாவல். கடைசியாக யார் எடுத்துச் சென்றார் என்று குறிக்கும் அட்டையைப் பார்த்தேன். பல ஆண்டுகளாக ஒருவரும் எடுக்கவில்லை.

அன்பர்களே, அந்த நாவலைப் படித்தவர்கள் இங்கே இருக்கலாம். படியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அசோகமித்திரன் 1931-இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். மதி நந்தி பிறந்த அதே ஆண்டு! அவருடைய தந்தையார் ரயில்வே ஊழியர். நாவலின் நாயகன் சந்திரசேகரனும் செகந்தராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன். ரயில்வே ஊழியரின் மகன். கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிள் மிதித்துக் கல்லூரிக்குப் போகிறான், சுற்றிலும் உருதுவும் தெலுங்கும் ஒலிக்க, வீட்டில் தமிழ் பேசுகிறான். காலம் 1947, 1948. நிஜாமின் ஆட்சி ஆட்டம் காணும் நேரம். ஆட்டத்தையும் பாடத்தையும் தவிர வேறொன்றும் அறியாத அந்தப் பையனுடைய வாழ்வில் நாட்டு நிகழ்ச்சிகள் வந்து மோதுகின்றன.

அன்றிரவு பத்தரை மணிக்கு, "நான் ஒரு கதை படிக்கப் போகிறேன், விருப்பம் இருந்தால் கேள்" என்று சொல்லி உரக்கப் படிக்கத் தொடங்கினேன். அவன் விளையாட்டுப் பக்கத்திலிருந்து தலை நிமிரவில்லை. ரயில்வே குடியிருப்பு வந்ததும் நிமிர்ந்தான். கிரிக்கெட் வந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இது நம் காலனி மாதிரியே இருக்கிறதே, அப்பா" என்றான். நாள்தோறும் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டோம். எனக்குப் புரியாத இடமும் உண்டு. கதை ஓரிடத்தில் 'அவன்' என்று நடக்கும். மற்றோர் இடத்தில் 'நான்' என்று மாறிவிடும். அச்சுப் பிழையோ என்று மயங்கினேன். "பிழை இல்லை, அப்பா. பையன் சில சமயம் தன்னையே தள்ளி நின்று பார்க்கிறான்" என்று அவன் எனக்கு விளக்கினான். வங்காள இலக்கிய வகுப்பில் அவன் பெற்ற பயிற்சி தமிழ் நாவலுக்கு உரையாக அமைந்ததைக் கண்டு வியந்தேன்.

நாவலின் கடைசிப் பக்கங்கள் நெருங்கின. கலவர இரவொன்றில் சந்திரசேகரன் எதிர்கொள்ளும் ஒரு காட்சி உள்ளத்தை உலுக்குவது. அதை மகனுக்கு உரக்கப் படித்துக்காட்ட என் நாக்கு எழவில்லை. "இன்று தலைவலி" என்றேன். மறுநாள் "அலுவலகத்தில் வேலை மிகுதி" என்றேன். மூன்றாம் நாள் அவன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை.

சில பக்கங்கள்தாம். அவற்றைப் படிக்க அவனுக்கு மூன்று மாலைகள் ஆயின. விரலை வரியின் அடியில் வைத்து, எழுத்துக் கூட்டி, தெரியாத சொல்லுக்குத் தாயாரைக் கேட்டு, பதினைந்து வயதுப் பிள்ளை முதல் வகுப்புக் குழந்தையைப் போலப் படித்தான். மூன்று மாலையும் அவன் மைதானத்துக்குப் போகவில்லை. முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "திண்ணைத் தாத்தாவின் தகப்பனாரும் இப்படித்தான் ஓடி வந்திருப்பாரா, அப்பா?" என்று கேட்டான்.

நான் பள்ளியில் தமிழ்ப் பாடத்தில் நூற்றுக்கு எழுபது வாங்கியவன். ஆயினும் இலக்கியம் என்றால் என்ன என்பது அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

நிற்க. கால்பந்துப் பற்று முழுவதும் நன்மையே என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டா. 1980 ஆகஸ்ட் 16-ஆம் நாள், ஈடன் தோட்டத்தில் இவ்விரு சங்கங்களின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் உயிர் துறந்தனர். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. பற்று வெறியாக முற்றினால் விளைவது அதுதான். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்கள் நினைவாக இரத்த தானம் செய்கிறார்கள். அந்த நாளைப் பற்றி என் மகனுக்கு நானே சொன்னேன். 2024 ஆகஸ்ட் 18-ஆம் நாளையும் அதனோடு சேர்த்துச் சொல்வது நியாயம். மருத்துவமனையில் கொல்லப்பட்ட இளம் பெண் மருத்துவருக்கு நீதி வேண்டும் என்று ஊரே கொதித்திருந்தது. அன்று நடக்கவிருந்த ஆட்டம் நிறுத்தப்பட்டது. நூறாண்டாக எதிரெதிரே நின்ற இரு சங்கங்களின் அன்பர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் அன்பர்களும் ஒன்றாகத் திரண்டு அந்த நீதியைக் கேட்டார்கள். பகைமை பாராட்டும் கூட்டமும் அறம் என்று வந்தால் ஒன்றாக நிற்க முடியும் என்பதை நம் பிள்ளைகள் அன்று கண்டார்கள்.

இனி, நான் கண்டறிந்த ஒன்றைச் சொல்லி அமைகிறேன். பந்து பாடத்துக்குப் பகை என்று நினைத்தேன். அது தவறு. ஒரு பையன் ஒரு சங்கத்தின்மேல் எவ்வாறு பற்றுக் கொள்கிறான்? யாரும் அவனைக் கட்டாயப்படுத்துவதில்லை. திண்ணையில் ஒரு முதியவர் கதை சொல்கிறார். பெயர்கள் நெஞ்சில் பதிகின்றன. தோற்றாலும் நம்முடையது என்ற உணர்ச்சி பிறக்கிறது. தாய்மொழிப் பற்றும் அவ்வாறுதான் பிறக்கும். அதற்குத் திண்ணை வேண்டும். கதை சொல்ல ஆள் வேண்டும். நாமோ திண்ணையை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். பெரிய ஆட்டம் நடக்கும் ஞாயிறுகளில் தமிழ் வகுப்பைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் அதனால் கோபித்துக்கொள்ளாது. நம் நூலகப் பீரோவில் பிள்ளைகளின் வயதுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற நூல்களைத் தனித் தட்டில், கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். மூன்றாவது விண்ணப்பம் சங்கத்துக்கு அன்று, பெற்றோருக்கு. நாளைக்குப் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து தமிழில் ஏதேனும் உரக்கப் படியுங்கள். "எனக்கே தமிழ் சரியாகத் தெரியாதே" என்று தயங்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை. பிள்ளை சொல்லிக் கொடுத்தான்.

என் மகன் இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறான். தமிழ் வகுப்புக்கு வாரந்தோறும் வருகிறான் என்று நான் பொய் சொல்லமாட்டேன். மாதத்தில் மூன்று முறை வருகிறான். ஈஸ்ட் பெங்கால் வென்றால் எங்கள் வீட்டில் இலிசு மீனுக்குப் பதிலாக உளுந்து வடை. தோற்றால் அவனுக்கு அன்றிரவு சோறு இறங்குவதில்லை. மேசைமேல் பாட நூல்களுக்கு நடுவே அசோகமித்திரனின் 'அப்பாவின் சிநேகிதர்' என்ற தொகுதி இருக்கிறது. 1996-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நூல் அது. நான் எடுத்துக் கொடுத்ததன்று. அவனே நூலகத்தில் கையெழுத்திட்டு எடுத்து வந்தது. அந்த அட்டையில் அவன் தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறான். எழுத்து இன்னும் சற்றுக் கோணல்தான். ஆயினும் பிழை இல்லை.